சத்தமில்லாத பழுது

“என்கிரிப்ஷன் வேலை செய்யவில்லை.” அலுவலக ஐ.டி. பிரிவுக்கு வரும் புகார்களில் இதைவிடச் சுருக்கமானது இருக்காது, இதைவிடக் குறைவாகத் தகவல் சொல்வதும் இருக்காது. அவுட்லுக்கில் பூட்டுப் பொத்தானே காணாமல் போயிருந்தாலும் இதே வரிதான். பொத்தான் இருந்து, அழுத்தியதும் எதிராளியின் சாவி கிடைக்கவில்லை என்று முரண்டு பிடித்தாலும் இதே வரிதான். வந்த மெயில் திறக்கவில்லை. திறந்தது, ஆனால் கையொப்பம் செல்லாது என்கிறது. அனுப்பிய மெயில் போய்ச் சேர்ந்த இடத்தில் புரியாத இரண்டு இணைப்புகளாக நிற்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே வரி.

இவை அத்தனையும் சத்தம் போடுகிற பழுதுகள். மெயில் நின்றுவிடும், திரையில் ஒரு பெட்டி எழும்பும், ஆள் கோபப்படுவார், ஐ.டி. பிரிவுக்குப் போன் வரும். எரிச்சல் உண்டு; ரகசியம் வெளியே போகவில்லை. மெய்யாகவே பயப்பட வேண்டிய பழுதைப் பற்றிப் புகாரே வராது. பொத்தான் பச்சையாக இருக்கும், மெயில் சட்டென்று போய்விடும், அனுப்பியவர் நிம்மதியாக டீ குடிக்கப் போவார். போனது பூட்டில்லாத மெயில். இந்த இரண்டு வகையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் கையில், பூட்டுப் பொத்தானைத் தரும் ஆட்-இன் என்ற துணைநிரல் கிடைத்தால், முதல் வகையைச் சரிசெய்கிறேன் என்று இரண்டாவது வகையை உண்டாக்கிவிடுவார்.

ஒரு நிரலை எடுத்துக்கொண்டு பேசுவோம்: ஜிபிஜி4வின். விண்டோஸ் கணினிகளுக்கான இலவச என்கிரிப்ஷன், அதாவது மறையாக்கத் தொகுப்பு. ஜெர்மனி அரசின் தகவல் பாதுகாப்பு அலுவலகமான பிஎஸ்ஐயின் ஆதரவில் உருவாகி 2006இல் முதல் பதிப்பு வந்தது. அந்தத் தொகுப்பில் அவுட்லுக்குக்குள் போய் உட்காரும் ஆட்-இன்னுக்கு ஜிபிஜிஓஎல் என்று பெயர். வேர் இன்னும் பழையது. 1991இல் பில் சிம்மர்மன் என்ற அமெரிக்கர் பிஜிபி என்ற நிரலை எழுதி வெளியிட்டார். மறையாக்க நிரல்களை ஆயுதப் பட்டியலில் வைத்திருந்த அமெரிக்க அரசு, ஏற்றுமதிச் சட்டத்தை மீறினாரா என்று அவரை மூன்றாண்டு விசாரித்துவிட்டு, வழக்கே போடாமல் 1996 ஜனவரியில் கைவிட்டது. நடுவில் 1995இல் எம்ஐடி பதிப்பகம் அந்த நிரலின் மூல வரிகளை அப்படியே புத்தகமாக அச்சடித்தது. நிரலைக் கப்பலேற்றுவது குற்றமாக இருக்கலாம். புத்தகத்தை ஏற்றுமதி செய்யாதே என்று அமெரிக்காவில் சொல்வது கடினம்.

இந்தத் தலைவலி எதுவும் இல்லாமல் ஐரோப்பாவில் ஒன்று எழுதப்படட்டும் என்று ஜெர்மனியில் வெர்னர் கோக் 1997இல் தொடங்கியது குனுபிஜி. 1999இல் 1.0 பதிப்பு. உலகமே நம்பியிருந்த நிரலை அவர் பல ஆண்டுகள் ஏறக்குறைய தனியாளாகப் பராமரித்தார். கையில் காசில்லாமல் அவர் தடுமாறுவதை 2015 பிப்ரவரியில் புரோபப்ளிகா என்ற செய்தித் தளம் எழுதிய பிறகுதான் நன்கொடை கொட்டியது. ஃபேஸ்புக்கும் ஸ்ட்ரைப்பும் ஆண்டுக்கு ஆளுக்கு 50,000 டாலர் தருவதாகச் சொன்னார்கள். ஜிபிஜிஓஎல் பொத்தானுக்கு அடியில் ஓடுவது அந்தக் குனுபிஜிதான்.

பொத்தான் தன் கையால் எதையும் பூட்டுவதில்லை என்பது பழுது பார்ப்பவருக்கு முக்கியம். ஜிபிஜிஓஎல் மெயிலின் உள்ளடக்கத்தை எடுத்துக் குனுபிஜியிடம் தருகிறது. குனுபிஜியும் தனிச்சாவியை, அதாவது பூட்டியதைத் திறக்க உரியவர் மட்டும் வைத்திருக்கும் சாவியை, நேராகத் தொடாது. அதற்கென்று ஜிபிஜி-ஏஜென்ட் என்றொரு நிரல் பின்னணியில் ஓடுகிறது. கடவுச்சொல் கேட்க வேண்டுமென்றால் ஏஜென்ட் பின்என்ட்ரி என்ற சின்னப் பெட்டியைத் திறக்கிறது. சாவிகளைப் பார்க்கவும் புதுப்பிக்கவும் கிளியோபாட்ரா என்று தனி நிரல். ஆக, ஒரு மெயில் பூட்டப்படுவதற்குள் நாலைந்து கை மாறுகிறது.

எந்தக் கையில் சிக்கல் என்று கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். கிளியோபாட்ராவில் நோட்பேட் என்று ஒரு பகுதி உண்டு. அதில் ஒரு வரி எழுதி, தகராறு செய்கிற அதே பெறுநருக்குப் பூட்டிப் பாருங்கள். பூட்டினால் சாவியும் குனுபிஜியும் நலம். கோளாறு அவுட்லுக் பக்கம். அங்கேயும் பூட்டவில்லை என்றால் அவுட்லுக்கைத் தோண்டி எந்தப் பயனும் இல்லை. நடைமுறையில் பலரும் முதலில் செய்வது ஆட்-இன்னை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவது. சில நேரம் அது பலிக்கவும் செய்யும். என்ன நடந்தது என்று தெரியாததால் அடுத்த மாதம் அதே புகார் திரும்ப வரும்.

இப்போது காணாமல் போன பொத்தான். ஆட்-இன் என்பது அவுட்லுக் வீட்டில் வாடகைக்கு இருக்கும் குடித்தனம். வீட்டுக்காரர் கண்டிப்பானவர். 2013 பதிப்பிலிருந்து அவுட்லுக் ஒவ்வோர் ஆட்-இன்னும் எழுந்து நிற்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்து வைக்கிறது. தொடர்ந்து ஐந்து முறை திறந்ததில் நடுமதிப்பு 1,000 மில்லிசெகண்டைத் தாண்டினால், அதாவது ஒரு நொடி, அந்த ஆட்-இன்னை முடக்கிவிடும். அது ஆட்-இன்னின் தப்பாகவே இருக்க வேண்டியதில்லை. வைரஸ் தடுப்பு நிரல் ஒவ்வொரு கோப்பையும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாலும், விண்டோஸ் அப்டேட் முடிந்து கணினி மூச்சிரைத்துக்கொண்டிருந்தாலும் பழி குடித்தனக்காரர் மேல்தான். முடக்கியதை அவுட்லுக் ஒரு மஞ்சள் பட்டையில் சொல்லவும் செய்கிறது. வேலை அவசரத்தில் அதைப் படிக்காமல் மூடாதவர் யார்?

பார்க்க வேண்டிய இடம் ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ். பக்கத்தின் அடியில் ஒரு கீழிறங்கு பட்டியல் இருக்கும். அதில் ‘காம் ஆட்-இன்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஜிபிஜிஓஎல் பெயருக்கு முன்னால் டிக் இருக்கிறதா என்று தெரியும். அங்கே இல்லையென்றால் அதே பட்டியலில் ‘டிசேபிள்டு ஐட்டம்ஸ்’ பார்க்க வேண்டும். அவுட்லுக் ஒரு முறை நிலைகுலைந்து விழுந்து, அதற்கு இந்த ஆட்-இன் காரணம் என்று சந்தேகித்தால் இங்கே கொண்டுவந்து அடைத்துவிடும். விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் இதன் சுவடு ‘லோட்பிகேவியர்’ என்ற மதிப்பில் இருக்கிறது. 3 என்றால் அவுட்லுக் திறக்கும்போதே ஏற்று. 2 என்றால் ஏற்றாதே. திருத்தியும் மறுபடி 2க்கே திரும்புகிறதென்றால் அவுட்லுக் ஆட்-இன்னை ஏற்றிப் பார்த்து, முடியாமல் கைவிட்டது என்று பொருள். அப்போது எண்ணை மாற்றி மாற்றிப் பயனில்லை, ஏற்ற முடியாத காரணத்தைத் தேட வேண்டும். அந்தக் காரணம் பல ஆட்-இன்களில் 32 பிட், 64 பிட் பொருத்தமின்மை. ஆபீஸ் 2019லிருந்து 64 பிட் பதிப்பே இயல்பாக நிறுவப்படுகிறது. 32 பிட்டில் எழுதிய ஆட்-இன் அதற்குள் நுழையவே முடியாது. ஜிபிஜி4வின் இரண்டு வடிவங்களையும் சேர்த்தே தருவதால் அதில் இந்தத் தொல்லை குறைவு.

பொத்தான் வந்துவிட்டது, அழுத்தினால் அவுட்லுக் உறைந்து நிற்கிறது. கட்டாயமாக மூடிவிடத் தோன்றும். அதற்குமுன் மற்ற ஜன்னல்களைச் சுருக்கிப் பாருங்கள். பின்என்ட்ரி பெட்டி அவுட்லுக்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கடவுச்சொல்லுக்காகக் காத்திருக்கும். ‘சில நேரம் கேட்கிறது, சில நேரம் கேட்பதில்லை’ என்ற புகாரும் இதன் உறவுதான். கடவுச்சொல்லை ஏஜென்ட் இயல்பாக 600 நொடிகள் நினைவில் வைத்திருக்கும். ஒவ்வொரு பயன்பாட்டிலும் அந்தக் கெடு புதுப்பிக்கப்படும், ஆனால் எப்படியும் 7,200 நொடிகளில் மறந்துவிடும். தொடர்ந்து மெயில் எழுதுகிறவரிடம் இரண்டு மணி நேரம் கேட்காது. சாப்பிட்டுவிட்டு வந்தவரிடம் கேட்கும்.

சாவித் தகராறுகளுக்குப் போவோம். இங்கேதான் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். குனுபிஜி ஒவ்வொரு மெயிலுக்கும் அந்த நேரத்தில் ஒரு புதிய ரகசிய எண்ணை உருவாக்கி, அதைக் கொண்டு ஏஇஎஸ் போன்ற வேகமான முறையில் உள்ளடக்கத்தை மறைக்கிறது. பிறகு அந்த எண்ணை மட்டும் ஒவ்வொரு பெறுநரின் பொதுச்சாவியாலும், அதாவது பூட்டுவதற்காக அவர் எல்லாருக்கும் கொடுத்திருக்கும் சாவியாலும், தனித்தனியாக மறைத்து மெயிலின் முன்பகுதியில் வைக்கிறது. மூன்று பேருக்கு அனுப்பினால் மூன்று பொட்டலம். அனுப்பியவரும் பின்னால் படிக்க வேண்டுமே என்று அவருக்கும் ஒன்று. ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும், இது எந்தச் சாவிக்கு உரியது என்று 16 இலக்கப் பதினாறடிமான எண் எழுதியிருக்கும். மெயிலைத் திறக்கும்போது குனுபிஜி செய்வதெல்லாம் அந்த எண்களில் ஒன்றுக்கான தனிச்சாவி தன்னிடம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான். ஒன்றுக்கும் இல்லையென்றால் ‘நோ சீக்ரெட் கீ’.

இதை ஒருவர் புது லேப்டாப் வாங்கிய கதையோடு பொருத்திப் பாருங்கள். கணக்குப் பிரிவில் ஒருவருக்குப் புதுக் கணினி தருகிறார்கள். பழையதிலிருந்த சாவியை எடுத்துவைக்க யாருக்கும் தோன்றவில்லை. புதிதாக ஒரு சாவி உருவாக்கிக்கொள்கிறார். பெயர் அதே, மெயில் முகவரி அதே. வெளியூர் ஆடிட்டரிடம் இருப்பது அவருடைய பழைய பொதுச்சாவி. ஆடிட்டர் அதைக் கொண்டு பூட்டி அனுப்புகிறார், பிழையே இல்லாமல் போகிறது. இவருக்குத் திறக்கவில்லை. இரண்டு பக்கமும் ஆட்-இன் ஒழுங்காகவே வேலை செய்கிறது! மெயிலில் இருக்கும் 16 இலக்க எண்ணைக் கிளியோபாட்ராவில் உள்ள சாவியின் எண்ணோடு ஒப்பிட்டால் ஒரு நிமிடத்தில் விடை தெரியும். மறையாக்கத்துக்கென உள்ள துணைச்சாவியின் எண் முதன்மைச் சாவியின் எண்ணிலிருந்து வேறாக இருக்கும். ஒப்பிடும்போது துணைச்சாவியைப் பார்க்க வேண்டும். பழைய கணினியின் வட்டை அதற்குள் அழித்துவிட்டார்கள் என்றால், அந்தப் பழைய மெயில்களை மைக்ரோசாஃப்ட்டோ வெர்னர் கோக்கோ நினைத்தாலும் திறக்க முடியாது.

காலாவதியான சாவியை அழித்துவிடும் பழக்கமும் இதே குழியில்தான் தள்ளும். காலாவதி என்பது அந்தச் சாவிக்குப் புதிதாக யாரும் பூட்டக் கூடாது என்ற அறிவிப்பு மட்டுமே. ஏற்கெனவே பூட்டியதை அது இன்றைக்கும் திறக்கும். கெடுவை நீட்டிப்பதும் சுலபம். உரிமையாளர் தன் தனிச்சாவியால் ஒப்பமிட்டால் போதும். நீட்டித்த பொதுச்சாவியை மறுபடி எல்லாருக்கும் அனுப்ப வேண்டும் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். இவர் திரையில் 2027 வரை நல்ல சாவி, எதிராளி திரையில் போன மாதமே செத்த சாவி. இருவரும் போனில் சண்டை போடுவார்கள்; இருவர் சொல்வதும் உண்மை.

ஒரு வேடிக்கையான வகை உண்டு. கணினியின் தாய்ப்பலகையிலுள்ள சின்ன பேட்டரி தீர்ந்து கடிகாரம் சில ஆண்டுகள் பின்னால் போய்விட்டால், நேற்று உருவாக்கிய சாவியைக் குனுபிஜி எதிர்காலத்தில் பிறந்ததாகக் கருதித் தொட மறுக்கும். ‘டைம் வார்ப்’ அல்லது கடிகாரக் கோளாறு என்று அறிவியல் புனைகதை பாணியில் ஒரு செய்தியும் தரும். சாவியைக் குறைசொல்லுமுன் திரையின் வலது கீழ் மூலையைப் பாருங்கள்.

அனுப்பும் இடமும் பெறும் இடமும் சரியாக இருந்தும் வழியில் கெடுகிற மெயில்கள் தனி ரகம். பிஜிபி/மைம் என்ற வடிவத்தை 2001இல் வந்த ஆர்எஃப்சி 3156 என்ற இணையத் தரநிலை ஆவணம் வரையறுக்கிறது. பூட்டிய மெயிலின் கச்சா வடிவத்தைத் திறந்து பார்த்தால் மேலே ‘மல்டிபார்ட்/என்கிரிப்டட்’ என்று ஒரு வரி. அதற்குள் சரியாக இரண்டு பகுதிகள். முதலாவதில் ‘வெர்ஷன்: 1’ என்பதைத் தவிர ஒன்றும் இருக்காது. இரண்டாவதில் ‘பிகின் பிஜிபி மெசேஜ்’ என்று தொடங்கி அர்த்தமில்லாத எழுத்துகள் வரிவரியாக ஓடும். பெறும் நிரல் அந்த மேல்வரியை வைத்துத்தான் இது பூட்டிய மெயில் என்று அடையாளம் காண்கிறது. இடையில் இருக்கும் எக்ஸ்சேஞ்ச் என்ற மைக்ரோசாஃப்ட் மெயில் சர்வர் சில அமைப்புகளில் அந்த வரியை ‘மல்டிபார்ட்/மிக்ஸ்டு’ என்று மாற்றிவிடும். உள்ளே இருப்பது ஓர் எழுத்தும் மாறவில்லை, ஆனாலும் பெறுபவர் கண்ணுக்கு அது இரண்டு இணைப்புகள் கொண்ட காலி மெயில். இரண்டாவது இணைப்பைச் சேமித்துக் கிளியோபாட்ராவில் போட்டால் திறந்துவிடும். தண்டர்பேர்ட் என்ற மெயில் நிரலில் இயங்கிய எனிக்மெயில் ஆட்-இன்னில், எக்ஸ்சேஞ்ச் கெடுத்த மெயிலைச் சீராக்கவென்றே ஒரு வசதியைச் சேர்க்க வேண்டியிருந்தது.

கையொப்பம் இன்னும் நொய்மையானது. கையொப்பமிட்ட உரையில் ஒரு இடைவெளி மாறினாலும் கணக்கு வேறாகிவிடும். ‘இந்த மெயிலில் உள்ள கருத்துகள் அனுப்பியவருடையவை’ என்று தொடங்கி யாரும் படிக்காத ஒரு சட்ட அறிவிப்பைப் பல நிறுவனங்கள் வெளியே போகும் ஒவ்வொரு மெயிலின் காலிலும் கட்டிவிடுகின்றன. அதை ஒட்டுவது கேட்வே சர்வர். ஒட்டுவது கையொப்பமிட்ட பிறகு. பெறுபவரின் ஆட்-இன் ‘கையொப்பம் செல்லாது’ என்று சிவப்பில் சொல்கிறது. கையொப்பமிட்ட பிறகு யாரோ மெயிலைத் தொட்டிருக்கிறார் என்று சொல்லத்தானே அதை வைத்தார்கள்? தொட்டது அவர்களுடைய சொந்தச் சர்வர்தான் என்பது வேறு விஷயம். தீர்வு கேட்வேயில், கையொப்பமிட்ட மெயிலுக்கு அந்த அறிவிப்பை ஒட்டாதே என்று ஒரு விதி எழுத வேண்டும். பெறுபவரிடம் ‘அந்தச் சிவப்பைக் கண்டுகொள்ளாதீர்கள்’ என்று சொல்லிச் சமாளிக்கிற அலுவலகங்கள், நாளை உண்மையிலேயே ஒருவர் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றி அனுப்பும்போதும் கண்டுகொள்ளாமல் இருக்க ஆட்களைப் பழக்குகின்றன.

சில பிழைகளைச் சரிசெய்யவே கூடாது. 2018 மே மாதம் மியூன்ஸ்டர், போஹும், லூவன் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ‘இஃபெய்ல்’ என்று பெயரிட்டு ஒரு தாக்குதலை வெளியிட்டார்கள். பூட்டிய மெயில் ஒன்றைத் திருடியவனுக்கு அதைத் திறக்கத் தெரியாது. ஆனால் அதற்கு முன்னால் மூடாத மேற்கோள் குறியோடு ஒரு படத்தின் இணைய முகவரியையும், பின்னால் மூடும் குறியையும் ஒட்டி உரியவருக்கே அனுப்புகிறான். உரியவரின் மெயில் நிரல் நடுப்பகுதியைத் திறந்து மூன்றையும் ஒன்றாக ஒட்டுகிறது. இப்போது ரகசியம் முழுவதும் பட முகவரியின் ஒரு பகுதி. படத்தைக் கேட்டுப் போகும் கோரிக்கையோடு அது திருடனின் சர்வருக்குப் போய்விடுகிறது. இன்னொரு வகையில், பூட்டிய உள்ளடக்கத்தையே ஆங்காங்கே மாற்றி இதே வேலையைச் செய்ய வைத்தார்கள். அப்படி மாற்றியதைக் கண்டுபிடிக்க, குனுபிஜி பின்பற்றும் ஓபன்பிஜிபி தரநிலையில் எம்டிசி என்ற 20 பைட் சோதனை முத்திரை ஏற்கெனவே இருந்தது. அது இல்லாதபோது குனுபிஜி எச்சரிக்கவும் செய்தது. பல மெயில் நிரல்கள் எச்சரிக்கையைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மெயிலைக் காட்டிவிட்டன. அடுத்த மாதம் வந்த குனுபிஜி 2.2.8 எச்சரிப்பதை விட்டுவிட்டு ஒரேயடியாக மறுக்கத் தொடங்கியது.

அதனால், புதிய பதிப்புக்கு மாறிய அலுவலகத்தில் மிகப் பழைய மெயில்கள் திறக்க மறுத்தால் அது பழுதில்லை. முத்திரையைச் சோதிக்காதே என்று ஒரு கட்டளை வழி இருக்கிறது. நம்பகமான பழைய கோப்பு ஒன்றைக் கையால் மீட்க அதைப் பயன்படுத்தலாம். அதையே குனுபிஜியின் அமைப்புக் கோப்பில் நிரந்தரமாக எழுதிவைப்பவர் 2018க்கு முந்தைய உலகத்துக்கு எல்லாரையும் திருப்பி அனுப்புகிறார்.

இனி சத்தமில்லாத பழுது. 2017 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் ஒரு திருத்தம் வெளியிட்டது. அவுட்லுக்கிலேயே எஸ்/மைம் என்ற மறையாக்க வசதி உண்டு, ஆட்-இன் தேவையில்லை. ப்ளெயின் டெக்ஸ்ட் வடிவில் எழுதிய மெயிலை அந்த வசதியால் பூட்டி அனுப்பினால், அவுட்லுக் பூட்டிய பிரதியோடு பூட்டாத பிரதியையும் சேர்த்தே அனுப்பிக்கொண்டிருந்தது. அனுப்பியவரின் சென்ட் ஃபோல்டரில் பூட்டு அடையாளம் சரியாகத் தெரியும். எந்த எச்சரிக்கையும் இல்லை. இதைக் கண்டுபிடித்தது எஸ்இசி கன்சல்ட் என்ற ஆஸ்திரிய நிறுவனம். உலாவியில் திறக்கும் வெப்மெயிலில், திறக்கவே முடியாத ஒரு பூட்டிய மெயிலின் முதல் வரிகள் முன்னோட்டத்தில் தெளிவாகத் தெரிந்ததைக் கவனித்துத்தான் நூல் பிடித்துப் போனார்கள்.

கருவி இவ்வளவு மோசமாக ஏமாற்றாவிட்டாலும் ஆள் ஏமாறலாம். 1999இல் ஆல்மா விட்டன், டைகர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பிஜிபி 5.0ஐ 12 பேரிடம் கொடுத்து 90 நிமிடம் பார்த்தார்கள். தேர்தல் பிரசாரத் திட்டம் ஒன்றை அணியினருக்கு ரகசியமாக அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை. மூன்றில் ஒரு பங்கினர்தான் ஒழுங்காகச் செய்தார்கள். ஏழு பேர் எதிராளியின் சாவிக்குப் பதிலாகத் தங்கள் சாவியாலேயே பூட்டினார்கள். அது சத்தம் போடும் தவறு, பதில் மெயிலில் தெரிந்துவிடும். மூன்று பேர் ரகசியத்தைப் பூட்டாமலே அனுப்பிவிட்டார்கள். படித்தவர்களுக்கும் இது எளிதாக இருந்ததில்லை. அமெரிக்க உளவு ரகசியங்களைப் பின்னர் அம்பலப்படுத்திய எட்வர்ட் ஸ்னோடன் 2012 டிசம்பரில் பெயர் சொல்லாமல் பத்திரிகையாளர் க்ளென் க்ரீன்வால்டைத் தொடர்புகொண்டு பிஜிபி நிறுவச் சொன்னார்; எப்படி என்று வீடியோவே செய்து அனுப்பினார். க்ரீன்வால்ட் நிறுவவில்லை. ஸ்னோடன் அடுத்து ஆவணப்பட இயக்குநர் லாரா பாய்ட்ரஸிடம் போனார்.

ஜிபிஜிஓஎல் போன்ற ஆட்-இன்னில் ரகசியம் கசிகிற இடங்கள் தெரிந்தவைதான். மெயிலின் பொருள் வரியை வழக்கமான பிஜிபி/மைம் மறைப்பதில்லை; ‘இன்னாரைப் பணிநீக்கம் செய்வது குறித்து’ என்று பொருள் போட்டுவிட்டு உள்ளடக்கத்தைப் பூட்டி என்ன பயன்? அனுப்பாத மெயிலை அவுட்லுக் இயல்பாக மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை ட்ராஃப்ட்ஸில் சேமிக்கிறது; எக்ஸ்சேஞ்ச் கணக்கென்றால் அது சர்வருக்கும் போகும். பூட்டும் பொத்தான் செயல்படுவது அனுப்பும்போது. அதுவரை எழுதியது சர்வரில் திறந்தே கிடக்கிறது. வரைவுகளையும் பூட்டும் வசதி புதிய ஜிபிஜிஓஎல் பதிப்புகளில் இருக்கிறது, அதைத் தேடி இயக்க வேண்டும். மெயிலைத் திறந்து படிக்கும்போதும் ஒரு சிக்கல். ஆட்-இன் நினைவகத்தில் மெயிலைத் திறந்து காட்டுகிறது; அவுட்லுக் அதைப் பார்த்து ‘ஓ, மெயில் மாறிவிட்டது, சேமித்துவிடலாம்’ என்று நினைக்கும். அப்படிச் சேமிக்கவிடாமல் தடுப்பது ஆட்-இன் எழுதுபவர்களின் பெருந்தலைவலி. வேறோர் ஆட்-இன், வாடிக்கையாளர் தகவல்களைத் திரட்டுவதோ வைரஸ் தேடுவதோ, அதே நேரத்தில் கை வைத்தால் தடுப்பு தவறலாம். அவுட்லுக்கில் மற்ற ஆட்-இன்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதையெல்லாம் சோதிக்க நிபுணர் வேண்டாம். உங்களுக்கே ஒரு பூட்டிய மெயில் அனுப்பி, ஆட்-இன் இல்லாத இடத்தில், உலாவி வழியாக வெப்மெயிலில் திறந்து பாருங்கள். படிக்க முடியாத இணைப்புகள் மட்டும் தெரிய வேண்டும். ஒரு வரி படிக்கக் கிடைத்தாலும் பூட்டு பெயருக்குத்தான். ட்ராஃப்ட்ஸ், சென்ட் இரண்டையும் அதே கண்ணோடு பாருங்கள். புதிய பதிப்பு நிறுவிய அன்றும், சர்வர் மாற்றிய அன்றும் மறுபடி பாருங்கள்.

பதிவுக்கோப்பு பற்றி ஒரு எச்சரிக்கை. ஜிபிஜிஓஎல் அமைப்புகளில் டீபக் பகுதியில் நடப்பதையெல்லாம் எழுதிவைக்கும் வசதி இருக்கிறது; கடினமான பழுதுக்கு அது தேவைதான். அங்கேயே, திறந்த மெயிலின் உள்ளடக்கத்தையும் பதிவில் சேர்க்கட்டுமா என்று ஒரு கட்டம் உண்டு. அதை டிக் செய்துவிட்டு, கோப்பைச் சாதாரண மெயிலில் உதவி கேட்டு அனுப்பினால் பூட்டும் வேண்டாம், சாவியும் வேண்டாம். பழுது தீர்ந்ததும் பதிவை நிறுத்தி, கோப்பை அழித்துவிட வேண்டும்.

இப்போது அலுவலகங்களில் பரவும் புதுச் சிக்கல், எந்த ரெஜிஸ்ட்ரி எண்ணுக்கும் மசியாது. அவுட்லுக்கின் வலது மேல் மூலையில் ‘புதிய அவுட்லுக்கை முயன்று பாருங்கள்’ என்று ஒரு சிறு சொடுக்கி. அழுத்தினால் திறப்பது பெயரளவில்தான் அவுட்லுக். உள்ளே முற்றிலும் வேறு நிரல். ஜிபிஜிஓஎல் போன்ற காம் வகை ஆட்-இன்களை அது ஏற்பதே இல்லை. வலைப்பக்கம் போல ஓடும் புதுவகை ஆட்-இன்களை மட்டும் ஏற்கும். அவை உங்கள் கணினியில் இருக்கும் குனுபிஜியை நேரடியாகக் கூப்பிட முடியாது. ஆகவே பொத்தான் போய்விடும், பூட்டிய பழைய மெயில்கள் இணைப்புகளாக நிற்கும், புது மெயில்கள் எந்தத் தடையும் இல்லாமல் திறந்தபடி போகும். ஆட்-இன்னை மறுபடி மறுபடி நிறுவாதீர்கள். அதே சொடுக்கியைத் திருப்பி அழுத்துங்கள். பழைய அவுட்லுக்கைக் குறைந்தது 2029 வரை ஆதரிப்போம் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. மறையாக்கம் பயன்படுத்தும் அலுவலகம் அந்தச் சொடுக்கியையே நிர்வாகக் கொள்கை மூலம் மறைத்துவிடுவது உத்தமம்.

அதற்குள் ஒரு மெயில் அவசரமாகப் போக வேண்டுமென்றால் கிளியோபாட்ராவின் நோட்பேடில் எழுதி, அங்கேயே பூட்டி, வரும் எழுத்துக்குவியலை எடுத்து எந்த மெயிலிலும் ஒட்டி அனுப்பலாம். இணைப்புக் கோப்புகளைத் தனியே பூட்ட வேண்டும். ஒட்டுவதற்கு முன் மெயிலின் வடிவத்தை எச்டிஎம்எல்லிலிருந்து ப்ளெயின் டெக்ஸ்ட்டுக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் வரிகள் கண்டபடி உடைந்து, அந்தப் பக்கம் ‘என்கிரிப்ஷன் வேலை செய்யவில்லை’ என்பார்கள்.